மாத்திரை இலவசம்தான், அதை வாங்கப் போகும் நாள்?

மனநலம்: வாசகர் கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நோயைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ‘வைத்தியம் இருக்கிறது என்று தெரிகிறது, எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது’ என்று கேட்டவர்கள்தான் அதிகம். மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்விக்காகவே ஒரு இதழை ஒதுக்கலாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன், சரி என்றார். அடையாளம் தெரியாமலிருக்க ஊர்ப் பெயர்களை விட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு 26 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பதினைந்து நாளைக்குத்தான் மாத்திரை தருகிறார்கள். நான் பீடி சுற்றுகிறேன், போகிற நாளில் கூலி கிடையாது. சில தடவை போகாமல் விட்டுவிடுவேன். ‘இலவசமாகத் தருகிறோம், அதைக்கூட ஒழுங்காக வாங்க முடியாதா’ என்று அங்கே திட்டுகிறார்கள்.
(பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்)

உங்களைத் திட்டியவர் மாத்திரையின் விலையை மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறார், அம்மா. அன்றைக்கு நீங்கள் சுற்றாமல் விட்ட பீடி அவர் கணக்கில் வராது. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. மனநோய் உள்ள ஒரு வீட்டில் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவாகிறது, வைத்தியமும் அதற்காகப் போய்வரும் பயணமும்தான் முக்கியச் செலவு என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மகளிருக்கு டிக்கெட் இல்லாத பஸ் வந்தது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்து மட்டும். உங்களுக்கு இரண்டாவது பஸ் புறநகர் பஸ்ஸாக இருந்தால் காசு. மகனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை இல்லாவிட்டால் இரண்டிலுமே காசு.

இப்படி அலையக்கூடாது என்றுதான் மாவட்ட மனநலத் திட்டமே வந்தது. கர்நாடகத்துப் பெல்லாரியில் 1980களில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் பயிற்சி கொடுத்து, மாவட்ட மருத்துவமனையில் ஒரு குழுவை வைத்தால் பெரிய மனநல மருத்துவமனைக்குப் போகாமலே பலருக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று அங்கே தெரிந்தது. 1996இல் மத்திய அரசு அதை நாட்டுத் திட்டமாக ஆக்கியபோது முதலில் எடுத்த நான்கு மாவட்டங்களில் நம்முடைய திருச்சியும் ஒன்று. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாளில் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நடைமுறையில் டாக்டர் பணியிடம் காலியாக இருக்கும், ஜீப் வேறு வேலைக்குப் போயிருக்கும். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல ஓ.பி. எந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள். அடுத்த முறை மாவட்ட மருத்துவமனைக்குப் போகும்போது, ‘என் மகன் பெயரைத் தாலுகாவுக்கு மாற்றிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். நோட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

மாத்திரை நாளையும் கேட்டு வாங்க வேண்டும். நிலையாக இருக்கிறவருக்கு ஒரு மாதத்துக்குக் கொடுப்பது வழக்கம்தான். ‘டாக்டர், இவன் நல்லா இருக்கான், எனக்குக் கூலி போகுது, ஒரு மாசத்துக்கு எழுதுங்க’ என்று டாக்டரிடமே சொல்லுங்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்டுப் பயனில்லை, அவர் சீட்டில் உள்ளதைத்தான் தருவார். சிலருக்கு இரண்டு வாரம் முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி ஒத்துவரும். டாக்டர் சீட்டு இருந்தால் அதைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸே போடலாம். உங்கள் மகனுக்கு அது பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் தயவு கேட்பது இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவு, மனநோய் உள்ள யாரையும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலைய வைக்கக்கூடாது, சேவை அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. அத்தியாவசிய மனநல மருந்துகள் சமுதாய சுகாதார மையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனையிலும், எப்போதும், இலவசமாக இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு வருடமாக நீங்களே ஏன் போகிறீர்கள்? 26 வயதுப் பையன், நன்றாக இருக்கிறான் என்கிறீர்கள். ஒரு தடவை அவனோடு போய் எந்த ஜன்னல், எந்த வரிசை என்று காட்டிவிட்டு, அடுத்த தடவை அவனையே அனுப்பிப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதி, நோய் குறைந்த பிறகும் பிள்ளையைக் கைப்பிடியிலேயே வைத்திருந்த வீடுகள்தான்.

எங்கள் ஊரில் மனநல முகாமை ஊர்த்தெருக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். காலனியிலிருந்து ஒருவரும் போகவில்லை. ‘உங்க பக்கம் இந்த நோயே இல்ல போல’ என்று நர்ஸ் சொல்கிறார். எனக்குத் தெரிந்தே இங்கே மூன்று வீட்டில் இருக்கிறார்கள்.
(கல்லூரி மாணவர், விழுப்புரம் மாவட்டம்)

தம்பி, நோய் இருக்கிறதா இல்லையா என்று அந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்? அவரிடம் இருப்பது வந்தவர்களின் பதிவேடு. வராதவர்களுக்கு எந்த ஆபீசிலும் பதிவேடு கிடையாது. மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கையிலும் முகாம் நடந்தது, இத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் இருக்கும். எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் முதல் மாதமே பல்லிளித்துவிடும்.

முகாமுக்கு இடம் எப்படி முடிவாகிறது தெரியுமா? வாடகை இல்லாத கட்டடம், ஃபேன், ஜீப் நிறுத்த நிழல். இதை யார் தருவார்? ஊரில் வசதியானவர் தருவார். அதிகாரிகள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் யாரும் இரண்டாவது தடவை யோசிப்பதும் இல்லை. சாதியால் மண்டபத்துக்குள் நுழையத் தயக்கம் இருக்கிற ஒரு குடும்பம், நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஊர்த்தெரு முழுக்க நடந்து வர வேண்டும். அத்தனை திண்ணையும் பார்க்கும். நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

சட்டம் இதில் வெளிப்படையாகவே பேசுகிறது. மனநலச் சேவையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது பாலினம், மதம், வர்க்கம் இவற்றோடு சாதியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே 18ஆம் பிரிவுதான், இரண்டாவது உட்பிரிவு. ஆகவே மனு எழுதுங்கள். அடுத்த முகாமைக் காலனி அங்கன்வாடியிலோ, இரண்டு பக்கப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடத்திலோ வையுங்கள் என்று மூன்று வரி போதும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஒரு நகல். கிராம சபையிலும் சொல்லலாம், ஆனால் அங்கே எவ்வளவு பேச முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த மூன்று வீட்டாரின் பெயரை மட்டும் எங்கும் எழுதாதீர்கள். அவர்களைக் கேட்காமல் நீங்கள் அதைச் செய்யக்கூடாது.

நான் வேலை பார்த்த பக்கம் ஒரு ஊரில் இப்படி இடத்தைச் சத்துணவுக்கூடத்துக்கு மாற்றினோம். முதல் முறை யாரும் வரவில்லை. ‘இவங்க ஒரு தடவை வருவாங்க, அப்புறம் வர மாட்டாங்க’ என்று நினைத்திருக்கிறார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. மூன்றாவது மாதம் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிவந்தார். அவர் வந்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஆகவே ஒரு முறை இடம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், தொடர்ந்து அதே இடத்தில் நடத்தச் சொல்லுங்கள். உங்கள் தெருவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெண்ணிடமும் பேசிவையுங்கள். எந்த வீட்டில் என்ன என்பது அவருக்கு நர்ஸைவிட நன்றாகத் தெரியும்.

அண்ணனுக்கு 41 வயது. மனநோய்க்கு ஒலான்சபின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து எடை ஏறிக்கொண்டே போகிறது. கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பொது ஓ.பி.யில் சீட்டைப் பார்த்ததும் ‘சைக்கியாட்ரி கேஸா, அங்க போங்க’ என்றார்கள். அங்கே போனால் ‘இது எங்க வேலை இல்ல, மெடிசின் டாக்டரைப் பாருங்க’ என்றார்கள்.
(ஒரு தங்கை, மதுரை)

முதலில் இந்த வாரமே ஈ.சி.ஜி. எடுங்கள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எனக்கு ரொம்பக் கோபம் வரும் விஷயம் இது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலைதான் காரணமாக இருக்கும் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மாரடைப்பு, சர்க்கரை, நெஞ்சுச் சளி, தொற்று என்று நம் எல்லோருக்கும் வருகிற வியாதிகள்தான். அவர்களுக்கு அவை தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. நெஞ்சு வலிக்கிறது என்று மனநோயாளி சொன்னால், அதுவும் அந்த நோயின் பேச்சுதான் என்று டாக்டர், நர்ஸ், சில நேரம் வீட்டிலேகூட எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒலான்சபின் நல்ல மருந்து, பசியையும் எடையையும் கூட்டுகிற மருந்தும்கூட. அதைத் தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், அதன் பிறகு வருடா வருடம். அண்ணனின் நோட்டில் ஒரு தடவையாவது எடை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே எழுத ஆரம்பியுங்கள். நோட்டில் எண் இருந்தால் டாக்டர் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பொது ஓ.பி.யில் மனநலச் சீட்டை முதலில் நீட்டாதீர்கள். மூச்சு வாங்குவதைச் சொல்லுங்கள். எத்தனை நாளாக, எத்தனை படி ஏறினால், படுத்தால் கூடுகிறதா, கால் வீங்குகிறதா? டாக்டர் கையில் ஸ்டெதாஸ்கோப் வந்த பிறகு, சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லுங்கள். மறைக்கவே கூடாது, மருந்துகள் ஒன்றோடொன்று மோதும். ஆனால் எதை முதலில் சொல்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. மனநல டாக்டரிடம், வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் அண்ணனும் இருக்க வேண்டியவர். தெருவில் 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கும்போது, ‘அவரு வேண்டாம், அவருக்கு ஒரு மாதிரி’ என்று யாராவது தாண்டிப் போயிருப்பார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் அதையும் பேசியாக வேண்டும். ‘பாவம், அவனுக்கு இருக்கிறது அது ஒன்றுதான்’ என்று வீட்டிலேயே வாங்கிக் கொடுப்பார்கள், தெரியும்.

என் மகன் ஆண்களைத்தான் பிடிக்கும் என்கிறான். மாற்றிவிட கவுன்சலிங், மருந்து இருக்கிறதாமே? எங்கே போக வேண்டும்?
(ஒரு தந்தை, சேலம்)

எங்கேயும் போக வேண்டாம், ஐயா. அது நோய் இல்லை. மாற்றுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அவர் செய்வது தவறு. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி மாற்ற முயலும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னது. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையம், இதைச் செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று அறிவித்தது. மகன் தூங்காமல் சாப்பிடாமல் துவண்டிருந்தால் அந்த வருத்தத்துக்கு உதவி தேடலாம். அப்போது மருத்துவரிடம், ‘அவனை மாற்றச் சொல்லி வரவில்லை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் மனது தாங்கவில்லை என்றால், நீங்கள் பேசிக்கொள்ள 14416 என்ற போன் எண் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

மனைவிக்கு மனநோய். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனால் சரியாகும் என்று மாமியார் பிடிவாதம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2001 தீ விபத்து வேறு நினைவுக்கு வருகிறது. எப்படி மறுப்பது?
(வங்கி ஊழியர், சிவகங்கை மாவட்டம்)

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. தனியார் நடத்திய கீற்றுக்கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். எரிந்தது தர்கா இல்லை, தர்காவுக்கு வருகிறவர்களை நம்பி நடந்த காப்பகம். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அந்த மாதிரிக் காப்பகங்களை மூடினார்கள். இன்றைய மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 95ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது.

சரி, இவ்வளவு நடந்த பிறகும் மக்கள் ஏன் ஏர்வாடிக்கும், திருச்சிக்குப் பக்கத்திலுள்ள குணசீலம் கோயிலுக்கும் போகிறார்கள்? ‘மூடநம்பிக்கை’ என்று எங்கள் துறையில் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் அங்கே உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் ஆதார் கேட்பதில்லை. எந்த மதம் என்று கேட்பதில்லை. எந்த மணி போனாலும் கதவு திறந்திருக்கிறது. குடும்பமே கூடத் தங்கலாம், சத்தம் போட்டால் யாரும் முறைப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் வீட்டிலும் அதே கதை. எங்கள் ஓ.பி.யில் காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கி, உட்கார பெஞ்ச் இல்லாமல், பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒரு அம்மாவுக்கு எது ஆறுதலாக இருக்கும்? இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இரண்டு நிமிடத்துக்கு அதுதான் காரணம். பெஞ்ச் இல்லாததற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

குஜராத்தில் உனாவா என்ற ஊரில் ஒரு தர்காவிலேயே மனநல மருத்துவரை உட்கார வைத்தார்கள். துவாவும் நடக்கும், தவாவும் நடக்கும், அதாவது பிரார்த்தனையும் மருந்தும். பின்னால் ஏர்வாடியிலும் அது வந்தது. ஆகவே மாமியாரோடு சண்டை வேண்டாம். போகலாம் என்று சொல்லுங்கள். மாத்திரை ஒரு வேளைகூட நிற்காது, கட்டவோ பூட்டவோ விட மாட்டோம், தனியாக விட்டுவிட்டு வர மாட்டோம் என்று மூன்று நிபந்தனை போடுங்கள். முக்கியமாக உங்கள் மனைவிக்குப் போக விருப்பமா என்று அவரைக் கேளுங்கள். கடிதத்தில் நீங்கள் சொல்வது இருக்கிறது, மாமியார் சொல்வது இருக்கிறது, அவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை.

தங்கைக்கு 31 வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனநிலை பாதித்தது. கணவர் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், குழந்தைகள் அங்கே. இப்போது விவாகரத்து நோட்டீஸ். மனநோய் என்றால் எங்கள் பக்கம் கேஸ் நிற்காது என்கிறார் தெரிந்த வக்கீல்.
(ஒரு அண்ணன், நாகப்பட்டினம் மாவட்டம்)

வேறு வக்கீலைப் பாருங்கள். மனநோய் என்ற ஒரு சீட்டைக் காட்டினால் விவாகரத்து கிடைத்துவிடாது. இந்து திருமணச் சட்டத்தில் அது ஒரு காரணமாக இருப்பது உண்மைதான். ஆனால் கூடி வாழவே முடியாத அளவுக்கு நோய் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். மனச்சிதைவு என்ற பெயர் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது. பிரசவத்தை ஒட்டி வரும் மனநோய், உடனே வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே குணமாகும். அதனால் வைத்தியத்தை ஒரு நாளும் தள்ளாதீர்கள். ‘மருந்து சாப்பிட்டால் கேஸில் அவர்களுக்குச் சாதகம்’ என்று நிறுத்தி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல நிலையில் அவர் கோர்ட்டில் வந்து நிற்பதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். மனநலச் சட்டத்தின் 27ஆம் பிரிவிலும் இந்த உரிமை இருக்கிறது. குழந்தைகளைப் பார்க்க அனுமதி கேட்டு உடனே மனுப் போடச் சொல்லுங்கள். அதுவே பாதி மருந்து.

ஓ.பி. வரிசையில் நான் கவனித்த ஒன்று உண்டு. ஆண் நோயாளியோடு அம்மாவோ மனைவியோ இருப்பார்கள். பெண் நோயாளியோடு அம்மா இருப்பார், அல்லது யாரும் இருக்க மாட்டார்கள். அண்ணன் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அதற்கே நன்றி.

மகனுக்கு 18 வருடமாக நோய். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் போனோம். 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள். கை கால் நன்றாக இருப்பதால்தான் அப்படியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி மாவட்டம்)

கை காலைப் பார்த்துப் போடுவதில்லை, ஐயா. மனநோய்க்கு ஐடியாஸ் என்று தனி அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எத்தனை வருட நோய் என்பதற்கு இன்னொரு 4 வரை. பத்து வருடத்துக்கு மேல் என்றால் அதிலேயே முழு 4. மொத்தம் 20க்கு 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

உங்கள் மகனுக்கு வருடக் கணக்கிலேயே 4 வந்திருக்க வேண்டும். மீதி 3 எங்கே போனது? ‘குளிப்பானா?’ என்று கேட்டால் நாம் ‘குளிப்பான் சார்’ என்போம். நான்கு தடவை சொல்லி, வெந்நீர் வைத்து, துண்டை எடுத்துக் கையில் கொடுத்தால் குளிப்பான் என்பதைச் சொல்ல மாட்டோம். அந்நியர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்கப் பெற்றவர்களுக்கு மனது வராது. படித்த வீடுகளில் இது இன்னும் அதிகம். பொய் சொல்லச் சொல்லவில்லை, நடப்பதை முழுதாகச் சொல்லுங்கள். அவனைத் தினமும் பார்த்துக்கொள்பவர் யாரோ அவரைக் கூட்டிப் போங்கள், பெரும்பாலும் அது வீட்டு அம்மாவாகத்தான் இருப்பார். பழைய சீட்டு, அட்மிஷன் காகிதம் எல்லாம் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருக்கட்டும், வருடக் கணக்குக்கு அதுதான் ஆதாரம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம். சான்றிதழ் வந்த பிறகு ஓய்வூதியத்துக்கு வருவாய்த் துறை, மற்றதற்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இரண்டும் வேறு வேறு கட்டடம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அழுகிறான். டாக்டரிடம் கூட்டிப்போனால் பாஷை தெரியவில்லை. கூட வந்தவன் மொழிபெயர்த்துவிட்டுச் சிரிக்கிறான். ஊருக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் முதலாளி.
(திருப்பூர்)

சிரிக்கிறவனை இனிமேல் கூட்டிப்போகாதீர்கள். இன்றைக்கே உங்கள் போனில் 14416 அழைத்து அந்தப் பையன் கையில் கொடுங்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. இருபது மொழி, ஒடியாவும் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து உதவுங்கள், பேச ஆரம்பித்ததும் தள்ளிப்போய்விடுங்கள். சாகிற பேச்சு ஏதாவது வந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வந்திருந்தால் அவனைத் தனியாக விடாமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஒடிசா ஆதாராக இருந்தாலும் ஓ.பி. சீட்டு போடுவார்கள்.

தனியாக ரயிலேற்றி அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த நிலையில் இருக்கும் பையன் இடையில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கிவிடுவான். 1993இல் சென்னையில் தொடங்கிய ‘பேனியன்’ போன்ற மனநலக் காப்பகங்களில் வேறு மாநிலத்துக்காரர்கள் இருப்பது இப்படி வழிதவறி வந்துதான், ஊரைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகும். முதலில் இங்கே வைத்தியம். இரண்டு மூன்று வாரத்தில் தேறிய பிறகு, அவனே போக வேண்டும் என்றால், வீட்டுக்குப் போன் போட்டு அண்ணனையோ அப்பாவையோ வரச் சொல்லுங்கள். வருகிற டிக்கெட்டை முதலாளி போடட்டும். சம்பள பாக்கியையும் அப்போதே முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.